கணக்குச் சரி, கேள்வி யாருடையது?

2009 அக்டோபர் 13 அன்று அமெரிக்க செனட்டின் நிதிக்குழுவில் மருத்துவச் சீர்திருத்த மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. அதற்கு ஓரிரு நாள் முன்னதாக, காப்பீட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பான ‘அமெரிக்காஸ் ஹெல்த் இன்ஷூரன்ஸ் பிளான்ஸ்’ ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. தயாரித்தது பிரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ். ஒரு குடும்பத்தின் ஆண்டுப் பிரீமியம் அப்போது சராசரியாக 12,300 டாலர். பழைய நிலையே நீடித்தால் அது 2019-இல் 21,900 டாலராகும், மசோதா நிறைவேறினால் 25,900 டாலராகும் என்றது அறிக்கை. அந்த 4,000 டாலர் வித்தியாசம்தான் தலைப்புச் செய்தியானது.

கண்டனங்கள் எழுந்ததும் பிரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸே விளக்கம் தந்தது. மசோதாவின் நான்கு அம்சங்களை மட்டும் ஆராயும்படிதான் கூட்டமைப்பு கேட்டிருந்தது. மற்றவை கணக்கில் சேரவில்லை. அந்த நான்கும் பிரீமியத்தை ஏற்றக்கூடியவை: காப்பீடு எடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் வலுவாக இல்லாதது, விலை உயர்ந்த திட்டங்கள் மீதான வரி, மருத்துவத் துறை மீதான புதிய வரிகள், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கேரில் குறைக்கப்படும் தொகையை மருத்துவமனைகள் தனியார் காப்பீட்டின் தலையில் கட்டுவது. மக்களுக்குக் கிடைக்கவிருந்த மானியம் கணக்குக்கு வெளியே நின்றது. அறிக்கையில் பொய் எண் எதுவும் இல்லை. எதைக் கூட்டுவது என்பதைப் பணம் கொடுத்தவர் தீர்மானித்திருந்தார், அவ்வளவுதான்.

அதே ஆண்டு நவம்பர் இறுதியில் நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் செனட் மசோதாவை முழுதாக எடுத்துக் கணக்கிட்டது. பெரிய நிறுவன ஊழியர்களின் பிரீமியம் மாறாது, அல்லது 3 சதவீதம் வரை குறையும். சொந்தமாகக் காப்பீடு வாங்குவோருக்கு 10 முதல் 13 சதவீதம் ஏறும். ஆனால் அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மானியம் பெறுவதால் அவர்கள் கையிலிருந்து போகும் தொகை பாதிக்கும் கீழே வரும். மசோதா சட்டமாகி, 2019-ஆம் ஆண்டும் வந்தது. கைசர் குடும்ப அறக்கட்டளையின் கணக்கெடுப்பில் நிறுவன ஊழியர் குடும்பத்தின் சராசரிப் பிரீமியம் 20,576 டாலர். இதுவும் அறிக்கையின் 25,900 டாலரும் ஒரே அடிப்படையில் எடுத்தவை அல்ல. விலை உயர்ந்த திட்டங்கள் மீதான வரியும் அமலுக்கு வராமலே ரத்தாகிவிட்டது. அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், அறிவிக்கப்பட்ட பேரிடர் நேரவில்லை.

ஆனால் இத்துடன் அந்த அறிக்கையைக் குப்பையில் போடுவதும் அவசரம். கட்டாயம் தளர்ந்தால் ஆரோக்கியமானவர்கள் விலகி நிற்பார்கள், நோயாளிகள் மட்டும் சேர்வார்கள், பிரீமியம் ஏறும் என்ற அதன் எச்சரிக்கை தனிநபர் சந்தையைப் பொறுத்தவரை வீணான பயமல்ல. கூட்டரசின் இணையச் சந்தையைப் பயன்படுத்திய மாநிலங்களில் தனிநபர் பிரீமியம் 2013-க்கும் 2017-க்கும் இடையே இரட்டிப்பானது. திட்டங்கள் விரிவானதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் யார் சேர்வார், யார் நழுவுவார் என்பதை அன்றாடம் பார்ப்பவர்கள் காப்பீட்டுக்காரர்கள்தான். துறைக்குள் இருப்பவருக்குத் தெரிவது வெளியிலிருப்பவருக்குத் தெரியாது. துறை ஆய்வுகளின் உண்மையான பலம் இது.

மருந்துத் துறையில் இந்தப் பலமே பலவீனமாகவும் ஆகிறது. ஒரு புதிய மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவர சுமார் 260 கோடி டாலர் ஆகிறது என்று டஃப்ட்ஸ் பல்கலைக்கழக மையம் 2014-இல் அறிவித்தது. மருந்து நிறுவனங்களிடமிருந்தும் நிதி பெறும் மையம் அது. தொகையில் ஏறக்குறைய 45 சதவீதம் எவரும் செலவழித்த பணமல்ல. முதலீடு முடங்கிக் கிடந்த காலத்துக்கான வருமான இழப்பு. பொருளியலில் இது ஏற்கப்பட்ட முறைதான். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பத்து நிறுவனங்கள் ரகசியமாகக் கொடுத்த விவரங்களை வேறு யாரும் சரிபார்க்க முடியாது. 2020-இல் பொதுவில் கிடைக்கும் நிதி அறிக்கைகளைக் கொண்டு 63 மருந்துகளை ஆராய்ந்த மற்றொரு குழுவுக்குச் சராசரி சுமார் 134 கோடி டாலர் என்று வந்தது. மருந்துகளின் தேர்வு வேறு என்பதால் எது சரி என்று சட்டெனச் சொல்லிவிட முடியாது. ஆனால் இரண்டாவது கணக்கை யாரும் திரும்பப் போட்டுப் பார்க்கலாம்.

காப்பீட்டுத் துறையின் விவரங்கள் வெளியார் கைக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. ஏட்னா, ஹியுமானா, யுனைடெட்ஹெல்த்கேர் ஆகியவற்றின் கட்டணப் பதிவுகளைத் திரட்ட 2011-இல் ஹெல்த் கேர் காஸ்ட் இன்ஸ்டிட்யூட் தொடங்கப்பட்டது. அந்தப் பதிவுகளை வைத்து யேல் பல்கலைக்கழகத்தின் ஜாக் கூப்பரும் மூன்று பொருளியலாளர்களும் செய்த ஆய்வு, போட்டியற்ற மருத்துவமனைகள் நான்கோ அதற்கு மேலோ போட்டியாளர்கள் உள்ள இடங்களைவிட 12 சதவீதம் கூடுதல் விலை வாங்குவதைக் காட்டியது. மெடிக்கேர் செலவில் சிக்கனமான ஊர் என்று ஒபாமா புகழ்ந்த கொலராடோவின் கிராண்ட் ஜங்ஷன், தனியார் காப்பீட்டு விலையில் நாட்டின் உச்சப் பட்டியலில் இருந்தது. காப்பீட்டுக்காரர்களும் மருத்துவமனைகளும் ஒருவரையொருவர் கைகாட்டி வெளியிட்ட அறிக்கைகளில் இந்தத் தெளிவு இல்லை. எனினும் இந்தக் கதவும் துறையின் தயவில்தான் திறந்திருந்தது. 2019-இல் யுனைடெட்ஹெல்த் தன் விவரங்களை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது.

ஆகவே துறை ஆய்வு வேண்டுமா வேண்டாமா என்பது பயனுள்ள கேள்வியல்ல. கூட்டமைப்பின் பெயரைக் கண்டதும் நிராகரிப்பவர் தனிநபர் சந்தை பற்றிய எச்சரிக்கையைத் தவறவிடுவார். எண்ணைக் கண்டதும் நம்புபவர் 4,000 டாலருக்கு ஏமாறுவார். கணக்கில் எது விடுபட்டது, அதே விவரத்தை இன்னொருவர் எண்ணிப் பார்க்க முடியுமா என்பவைதான் கேட்கவேண்டியவை. இரண்டாவதற்கு நல்லெண்ணம் போதாது, சட்டம் வேண்டும். வெர்மாண்ட் போன்ற மாநிலங்கள் எல்லாக் காப்பீட்டுக் கட்டணப் பதிவுகளையும் கட்டாயமாகச் சேகரிக்க முனைந்தன. தம் ஊழியருக்குத் தாமே காப்பீடு நடத்தும் நிறுவனங்களை மாநிலங்கள் அவ்வாறு கட்டாயப்படுத்த முடியாது என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுவனங்கள் ஊழியருக்குத் தரும் காப்பீட்டின் பெரும்பகுதி அப்படிப்பட்ட நிறுவனங்களிடம் இருப்பதால், அந்தக் கட்டாயத்தை இனிக் கொண்டுவரும் அதிகாரம் வாஷிங்டனிடம்தான் இருக்கிறது.