'முழுசா மாத்திடலாம் சார்': சைடு மிரரும் பாதியில் நிற்கும் ஓர் அட்டவணையும்

ஸ்விட்சை அழுத்தினால் சைடு மிரர் கண்ணாடி அசையவில்லை என்று சர்வீஸ் சென்டரில் சொல்லிப் பாருங்கள். "அசெம்ப்ளி போயிருக்கும் சார், முழுசா மாத்திடலாம்" என்பதுதான் பழகிப்போன பதில். மெக்கானிக்கைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவருக்குக் கொடுக்கப்படும் அட்டவணையே பெரும்பாலும் அப்படித்தான் முடிகிறது: ஃபியூஸைப் பார், ஸ்விட்சைப் பார், ஒயரைப் பார், மூன்றும் சரி என்றால் மிரரை மாற்று. என் புகார் அந்தக் கடைசி வரியின் மேல்தான்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். சாதாரண பவர் மிரரில் (மடக்கும் மோட்டாரும் ஹீட்டரும் இல்லாத வகை) இரண்டு சின்ன டி.சி. மோட்டார்கள். ஒன்று கண்ணாடியை மேலும் கீழும் சாய்க்கும், மற்றது இடமும் வலமும். இரண்டுக்கும் சேர்த்து மூன்றே ஒயர்: ஆளுக்கொன்று, பொதுவாக ஒன்று. டி.சி. மோட்டாருக்கு பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுழலும். அதனால் நாலு திசைக்கும் மூன்று ஒயர் போதும். மாற்றிக் கொடுக்கும் வேலை ஸ்விட்சுடையது. மிரருக்குள் மூளை என்று எதுவும் கிடையாது.

இந்த அமைப்பின் அழகு என்னவென்றால், எதையும் கழற்றுவதற்கு முன்பே நோய் தன்னைப் பற்றிப் பாதி சொல்லிவிடும்.

இரண்டு பக்க மிரரும் செத்துக் கிடந்தால், ஃபியூஸ் அல்லது ஸ்விட்சுக்கு வரும் சப்ளை. ஒரு பக்கம் மட்டும் நாலு திசையிலும் அசையாவிட்டால், ஃபியூஸ் நல்லாத்தான் இருக்கு; சந்தேகம் பொது ஒயர், கனெக்டர், அல்லது இட-வல மிரரைத் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச் மேல் போகிறது. கதவு கீலுக்குப் பக்கத்தில் ரப்பர் குழாய்க்குள் போகும் ஒயரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அது வளைகிறது. மேலுறை முழுசாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். ஒருவர் ஸ்விட்சை அழுத்திக்கொண்டிருக்க, இன்னொருவர் கதவை மெல்ல ஆட்டினால் கண்ணாடி திடீரென்று உயிர் பெறலாம்.

மேல்-கீழ் இரண்டும் போய், இட-வலம் மட்டும் வேலை செய்தால், அந்த ஒரு மோட்டார் அல்லது அதன் ஒயர். மோட்டார் சத்தம் வருது, கண்ணாடி அசையலை என்றால், மின்சாரத்தில் குறையில்லை. பிளாஸ்டிக் கியரோ கண்ணாடியைப் பிடிக்கும் மூட்டோ உடைந்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசி வகை: மேலே போகுது, கீழே வரலை. கண்ணாடி ஏற்கெனவே கீழ் ஓரத்தில் முட்டி நிற்கவில்லை என்றால், இந்த ஒரு தகவலே மிரரை நிரபராதி ஆக்கிவிடுகிறது. அதே மோட்டார், அதே இரண்டு ஒயர். ஒரு திசையில் ஓடியாச்சு. மிச்சம் இருப்பது ஸ்விட்சின் ஒரு தொடுமுனை மட்டும். இந்த நிலையிலும் மிரரை மாற்றினால் பணம் போகும், பழுது அங்கேயே இருக்கும். (கதவிலேயே தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி வைத்த புதிய கார்களில் முனை மாற்றுவது அந்தப் பெட்டி. அங்கே குற்றவாளி ஸ்விட்சோ பெட்டியோ. அப்போதும் மிரர் இல்லை.)

அட்டவணை நழுவவிடும் இன்னொன்று, மல்டிமீட்டர். கனெக்டரைக் கழற்றி அளந்தால் 12 வோல்ட் காட்டும். "சப்ளை வருது, அப்போ மோட்டார்தான் அவுட்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் ரொம்பக் கொஞ்சம். பச்சை பூத்த கனெக்டரும், ஒற்றை இழையில் தொங்கும் ஒயரும்கூட மீட்டருக்கு 12 வோல்ட் கொடுத்துவிடும். மோட்டாரைச் சுற்ற முடியாது. அதே இடத்தில் 5 வாட் பல்ப் ஒன்றை மாட்டிப் பாருங்கள். மங்கலாக எரிந்தால் பிரச்சினை வரும் வழியில். பளிச்சென்று எரிந்தால்தான் மோட்டார் மேல் கை வைக்கலாம்.

நியாயமாகச் சொன்னால், அசெம்ப்ளியாக விற்பதற்கும் காரணம் உண்டு. நூறு சின்ன உதிரிகளை ஸ்டாக்கில் வைப்பதைவிட ஒன்றை வைப்பது எளிது. கண்ணாடியை நெம்பும்போது உடையலாம். மெக்கானிக்கின் ஒரு மணி நேரக் கூலி பொருளின் விலையை நெருங்கும் ஊர்களில் கழற்றி மாட்டிவிடுவதே சிக்கனம். ஆனால் நம் ஊர்க் கணக்கு அதுவல்ல. இங்கே கூலி மலிவு, பொருள்தான் விலை. வேறு கணக்குக்காகப் போட்ட அட்டவணையை இங்கே அப்படியே ஓட்டினால், வித்தியாசத்தைக் கொடுப்பவர் கார்க்காரர்.

இது வெறும் புலம்பல் இல்லை. உதிரி பாகங்களும், பழுது கண்டறியும் கருவிகளும், தொழில்நுட்பத் தகவலும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தாராளமாகக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. மேல்முறையீடு, வழக்கு என்று அது நீண்டது தனிக்கதை. 2022 டிசம்பரில் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளம் தொடங்கியபோது, வாகனத் துறையும் அதில் இருந்தது. இரண்டுமே தகவலும் உதிரியும் கிடைப்பதைப் பற்றிப் பேசுகின்றன. ஆனால் கிடைக்கும் தகவலே 'மிரரை மாற்று' என்று முடிந்தால், அது யாருக்கு உதவும்?

நல்ல அட்டவணை 'எது போச்சு' என்பதற்கு முன் 'எது வேலை செய்யுது' என்று கேட்கும். மென்பொருளில் பிழை தேடுகிறவர்களுக்கு இது பழகிய வழி: சரியாக ஓடும் பகுதியை ஒதுக்க ஒதுக்க, சந்தேகப்பட வேண்டிய இடம் சுருங்கும். நாலு திசை, இரண்டு மிரர், மொத்தம் எட்டு முறை ஸ்விட்சை அழுத்தி ஒரு துண்டுச் சீட்டில் டிக் போட இரண்டு நிமிடம்கூட ஆகாது. மெக்கானிக் கேட்காவிட்டாலும் அந்தச் சீட்டை நீங்களே எழுதிக் கையோடு கொண்டுபோங்கள். "கீழே மட்டும்தான் வரலை, மேலே போகுது" என்று சொல்லும் ஆளிடம் முழு அசெம்ப்ளி விற்பது கொஞ்சம் கஷ்டம்.