தாள்சுருளில் ஒரு கிறுக்கல்

ஜோஸ்லின் பெல் பர்னெல் என்றதும் நம் கட்டுரைகளில் முதலில் வந்து நிற்பது நோபல் பரிசு. 1974இல் அது ஆண்டனி ஹியூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது. பல்சரை முதலில் கண்ட மாணவிக்கு இல்லை. மகளிர் தின மேடைகளில் நானும் இப்படித்தான் பேசியிருக்கிறேன். இப்போது அந்தச் சொல்முறைமீதே எனக்கு ஐயம். பறிபோன பரிசை மட்டும் பேசும்போது, பரிசுக்குழு காணத் தவறிய உழைப்பை நாமும் காணாமல் விடுகிறோம்.

கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்த பெல்லுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் வானமே கிடையாது. சம்மட்டியால் கம்பம் அடித்தார், கம்பி இழுத்தார். நாலரை ஏக்கரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டெனாக்கள். 1967 ஜூலையில் தொலைநோக்கி இயங்கத் தொடங்கியதும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 மீட்டர் தாள்சுருள் வந்து குவிந்தது. அதைக் கணினியிடம் கொடுக்கவில்லை. கருவியின் குணம் பிடிபடும்வரை கண்ணால் பார்ப்பதே மேல் என்று தீர்மானித்திருந்தார்கள். எது வானத்தின் சமிக்ஞை, எது மனிதர் உண்டாக்கிய இரைச்சல், எது கருவியின் கோளாறு என்று பிரித்தறிவதே ரேடியோ வானியலில் இளையவர் கற்க வேண்டிய முதல் பாடம். அளவுத்திருத்தம் என்று பாடநூல் சொல்வது அதன் ஒரு பகுதிதான். மீதியைக் கையும் கண்ணும் பழகித்தான் கற்க முடியும்.

அப்படிப் பழகிய கண்ணுக்கே அந்தச் சிறு கிறுக்கல் உறுத்தியது. அது மினுங்கும் விண்மூலம் போலவும் இல்லை, குறுக்கீடு போலவும் இல்லை. விண்மீன்கள் நாள்தோறும் நான்கு நிமிடம் முன்னதாக வரும். இதுவும் அதே கணக்கில் வந்தது. நவம்பர் 28 அன்று தாளை வேகமாக ஓட்டிப் பதிந்தபோது சுமார் 1.33 நொடிக்கு ஒரு துடிப்பு. அப்போதும் கொண்டாட்டம் இல்லை. கம்பி இணைப்பில் தவறோ என்ற கேள்விதான். வேறொரு தொலைநோக்கியைத் திருப்பினார்கள். குறித்த நேரத்தில் ஒன்றும் வரவில்லை. சில நிமிடம் கழித்து வந்தது. நேரத்தைக் கணக்கிட்டதில்தான் பிழை! அந்தச் சில நிமிடங்களை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை.

செய்தி வெளியானபின் நிருபர்கள் ஹியூவிஷிடம் அறிவியலைக் கேட்டார்கள்; பெல்லிடம் இடுப்பளவையும் காதலர்களையும் கேட்டார்கள். நாம் அவர்களைப்போல் இல்லைதான். ஆனாலும் அவருடைய வேலையைப் பற்றி நாமும் எத்தனை கேள்வி கேட்டிருக்கிறோம்?

தான் அங்கே இருக்கத் தகுதியற்றவள், என்றைக்காவது வெளியேற்றிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் அத்தனை நுணுக்கமாக உழைத்ததாகப் பெல் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இதை எடுத்துக்காட்டிப் புகழ்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. பயந்தவர் எல்லோரும் பல்சரைக் காண்பதில்லை. தன் கையால் இழுத்த கம்பி என்ன சொல்லும், என்ன சொல்லாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்குப் பெயர் தேர்ச்சி.

2018இல் கிடைத்த முப்பது லட்சம் டாலர் பரிசு முழுவதையும், இயற்பியலில் இடம் மறுக்கப்பட்ட பிரிவுகளிலிருந்து வரும் ஆய்வு மாணவர்களின் உதவித்தொகைக்குக் கொடுத்துவிட்டார். அதைத் தியாகம் என்கிறோம். சம்மட்டி பிடிக்கும் அந்த முதல் ஆண்டுகளில் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் என்ன ஆகும் என்பதை அறிந்தவர் கொடுத்த பணம் அது.