காவிரி கொண்டுபோன ஓலையும் உரைநூல்களின் புதுமையும்

நூல் வெளியீட்டு விழாக்களில் ஆசிரியரை நோக்கி இக்காலத்துத் தவறாமல் எழும் வினா ஒன்றுண்டு: ‘இக்கருத்துத் தங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது?’ கதை புனைவோர் இதற்கு எதையேனும் சொல்லி அப்பாற் செல்லலாம். அருளிச்செயலுக்கு விளக்கம் என்னும் பெயரில் நூல் வெளியிடுவோர்க்கு அவ்வழி இல்லை. அவர்கள் எழுதும் பொருளிற் பெரும்பகுதி பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே திருவரங்கத்துக் காலக்ஷேபங்களிற் சொல்லப்பட்டு ஓலையில் ஏறியதன்றோ?

இவ்வினாவுக்கு ஸம்ப்ரதாயத்திலேயே ஒரு வரலாறு விடையாக நிற்கிறது. நஞ்சீயர், பராசர பட்டரின் நியமனத்தால் திருவாய்மொழிக்கு ஒன்பதினாயிரப்படி அருளிச்செய்தார். ‘படி’ என்பது முப்பத்திரண்டு எழுத்துக் கொண்ட அளவு. அதனைச் செம்மையாகப் பிரதி செய்து தரும்படி நம்பூர் வரதராஜர் என்பவரிடம் ஓலையைக் கொடுத்தார். அவர் தம் ஊருக்குச் செல்லுமிடத்துக் காவிரியைக் கடக்க வேண்டியிருந்தது. வெள்ளம் மிகுந்திருந்தமையால் ஓலைக்கட்டைத் தலையிற் கட்டிக்கொண்டு நீந்தினார். அலை அதனைக் கொண்டுபோயிற்று. கரையேறியவர், ஆசார்யர் ஸாதித்ததைக் கேட்டிருந்தபடியே நெஞ்சிற் கொண்டு, புத்தோலையில் முழுவதையும் எழுதினார். எழுதும்போது சிற்சில இடங்களில் தமக்குத் தோன்றிய நயப்பொருள்களையும் சேர்த்தார். நஞ்சீயர் படித்துப் பார்த்து, தாம் எழுதியதினும் சில இடங்களிற் பொருள் விசேஷித்திருப்பதைக் கண்டு வினவினார். வரதராஜர் நடந்ததை ஒளியாது விண்ணப்பித்தார். நஞ்சீயர் உகந்து அவரைத் தழுவி, ‘நம்பிள்ளை’ என்று அழைத்தார். அப்பெயரே நிலைத்தது.

இதனை ஆசார்யரின் பெருந்தன்மைக்கு உதாரணமாக மட்டும் சொல்லி முடிப்பது வழக்கம். ஆயினும் விமர்சகன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இன்று நம் கையிலுள்ள ஒன்பதினாயிரம் யாருடைய நூல்? எந்த வரி நஞ்சீயருடையது, எது நம்பிள்ளை சேர்த்தது என்று பிரித்தறிய வழியில்லை. பெயர் நஞ்சீயருடையதாகவே வழங்குகிறது. சேர்த்தவரும் தம் பெயரை அதில் நுழைக்கவில்லை. உடையவரும் சேர்த்ததை நீக்கவில்லை. இது திருட்டும் அன்று, கலப்படமும் அன்று. சேர்த்தது ஆசார்யரிடம் சொல்லப்பட்டது, அவர் ஏற்றார்.

பின்வந்த வ்யாக்யானங்களோ இன்னும் ஒருபடி மேலே சென்றன. ஈட்டைப் படிப்போர் அடிக்கடி காண்பது ‘நிர்வாஹம்’ என்னும் சொல்லை. இப்பாசுரத்துக்கு ஆளவந்தார் நிர்வாஹம் ஒன்று, பிள்ளான் நிர்வாஹம் ஒன்று, பட்டர் ஸாதித்தது மற்றொன்று என்று ஒவ்வொரு பொருளும் அதற்கு உரியவர் பெயரோடே வரும். இன்னார் கேட்க இன்னார் சொன்னார் என்ற ஐதிஹ்யங்களும் உடன் வரும். கேள்வி கேட்ட சிஷ்யனின் பெயர்கூட விடப்படுவதில்லை. கருத்து எங்கிருந்து வந்தது என்ற வினாவுக்கு முப்பத்தாறாயிரப்படி பக்கந்தோறும் விடை சொல்லிக்கொண்டே செல்கிறது.

அந்நூல் பிறந்த விதமும் கவனிக்கத்தக்கது. பகலில் நம்பிள்ளை ஸாதித்ததை வடக்குத் திருவீதிப் பிள்ளை இரவில் ஏடுபடுத்தி வந்தார். நியமனமின்றி எழுதியதென்று நம்பிள்ளை அவ்வேட்டை வாங்கிக்கொண்டார். பின்னர் ஈயுண்ணி மாதவரிடம் அளித்தார். நூலின் சிறப்பில் அவருக்கு ஐயம் இருந்ததில்லை. கேட்டதை எழுதுவதற்கும் சொன்னவரின் இசைவு வேண்டும் என்பதே அங்குள்ள நெறி. கும்பகோணத்துக்கு அணித்தான சேங்கனூரில் அவதரித்த பெரியவாச்சான் பிள்ளையோ அதே நம்பிள்ளையின் நியமனம் பெற்றே இருபத்துநாலாயிரம் அருளினார்.

பிறர் சொல்லைக் கொண்டே புதிய நூல் செய்யலாகாதோ என்னில், அழகிய மணவாளப் பெருமாள் நாயனாரின் ஆசார்ய ஹ்ருதயம் அதற்கு விடை. அதன் சொற்களிற் பெரும்பாலானவை ஆழ்வார்களுடையவை. கோத்த முறைதான் நாயனாருடையது. அக்கோவையே ஒரு தர்சனமாயிற்று. ஆகையால் ‘இரவல் சொல்’ என்னும் குற்றச்சாட்டைப் புதுநூல்கள் மீது எளிதில் வீசுவது சரியன்று.

குறை வேறிடத்தில் உள்ளது. எளிய நடையில் இப்போது வெளிவரும் விளக்கநூல்கள் பலவற்றில் நிர்வாஹங்கள் உள்ளன, நிர்வாஹகர்கள் இல்லை. பட்டர் ஒரு பொருளும் பிள்ளான் வேறொரு பொருளும் சொன்ன இடத்தில், இரண்டும் கலந்து ‘பெரியோர் கூறுவர்’ என்று ஒரே வாக்கியமாகின்றன. சிலவற்றில் அந்தப் ‘பெரியோரும்’ மறைந்து நூலாசிரியரின் சிந்தனையாகவே அது நிற்கிறது. வாசகனுக்கு எளிமை வேண்டும் என்பது சமாதானம். ஈட்டை இக்காலத் தமிழிற் பெயர்த்த பு. ரா. புருஷோத்தம நாயுடுவின் நூலைச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. தம் உழைப்பு அத்துணையும் இருந்தும் ‘ஈட்டின் தமிழாக்கம்’ என்றே அவர் பெயரிட்டார். எளிமைக்கும் பெயர் சொல்வதற்கும் பகை இல்லையென்பதற்கு அது போதும்.

பெயரை விடுவதால் என்ன இழப்பு என்று கேட்போர் திருக்குடந்தையை நினைக்கக் கடவர். ஆராவமுதன் மீதான திருவாய்மொழிப் பதிகத்தை யாத்ரிகர் பாடக் கேட்ட நாதமுனிகள், அதன் இறுதிப் பாசுரத்தில் பாடியவர் பெயரும், அப்பத்து ஓராயிரத்துள் அடங்கியது என்னும் குறிப்பும் இருக்கக் கண்டார். அக்குறிப்பைப் பற்றிக்கொண்டே திருக்குருகூர் சென்று நாலாயிரத்தையும் மீட்டார். பாடின அடியார்கள் அக்கடைப் பாட்டை மிகையென்று விட்டிருந்தால் காட்டுமன்னார்கோயிலில் எஞ்சியிருக்கக்கூடியது இனிய பத்துப் பாட்டு மட்டுமே.

பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய வ்யாக்யானத்திற் பெரும்பகுதி பிற்காலத்து லுப்தமாயிற்று. 1370இல் அவதரித்த மணவாள மாமுனிகள் அக்குறையை நிரப்ப எழுதினார். திருமொழி முழுவதற்கும் தாமே புதிதாக உரை செய்ய அவருக்கு என்ன தடை? இழந்த பகுதிக்கு மட்டும் எழுதிவந்து, பிள்ளையின் ஓலை கிடைத்த இடம் வந்ததும் எழுத்தாணியைக் கீழே வைத்தார்.