ஜீனோவின் ரசிகர் திறனாய்வு எழுதலாமா?

மாணவர்களே, ஒரு கதையை உயிராய் நேசிக்கும் ரசிகரால் அதற்கு நேர்மையான திறனாய்வு எழுத முடியுமா? முடியும் என்பதுதான் என் வாதம். சுஜாதாவின் ஜீனோ கதைகளை வைத்துப் பார்ப்போம்.

இங்கே தாப்பாவில் என் மாணவர்களுக்கு 'எந்திரன்' (2010) படத்துச் சிட்டியை நன்றாகத் தெரியும், ஜீனோவைத் தெரியாது. அந்தப் படத்தின் வசனத்தில் பங்காற்றிய சுஜாதா, படம் வெளிவருமுன்பே 2008இல் காலமானார். 1980களில் அவர் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை 'என் இனிய இயந்திரா'. அதன் தொடர்ச்சி 'மீண்டும் ஜீனோ'. நான் இரண்டையும் நூலாகத்தான் படித்தேன், பல தடவை. ரசிகைதான், மறைக்க ஒன்றுமில்லை.

கதை நடக்கும் காலம் 2021. நாட்டை ஜீவா என்னும் சர்வாதிகாரி ஆள்கிறார். குழந்தை பெற அரசு அனுமதி வேண்டும். கணவன் சிபி காணாமல் போக, நிலா தேடிப் புறப்படுகிறாள். அவளுக்குத் துணை, ஜீனோ என்னும் இயந்திர நாய்.

ரசிகர்கள் வழக்கமாகச் சொல்வது என்ன? "அன்றைக்கே எதிர்காலத்தைச் சொல்லிவிட்டார்!" இது பலவீனமான பாராட்டுங்க. 2021 வந்தது, போனது, ஜீவா ஆளவில்லை. ஆரூடம்தான் அளவுகோல் என்றால் நாவல் தோற்றுப்போனது.

அப்படியானால் எதை வைத்து மதிப்பிடுவது? பெயர்களை எண்ணிப் பாருங்க: நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா. எல்லாம் இரண்டே எழுத்து. அந்நாட்டுச் சட்டம் அப்படி. பெயரைச் சுருக்கும் அரசு மனிதரையும் சுருக்குகிறது. இதற்கு நேர்மாறாக, ஜீனோ புத்தகங்களைப் படித்துப் படித்துச் சுயமாகச் சிந்திக்கத் தொடங்குகிறது. மனிதர்கள் இயந்திரம்போல் கீழ்ப்படிய, இயந்திரம் மனிதரைப்போல் கேள்வி கேட்கிறது. நாவலின் உயிர் இந்த முரண்தான். தலைப்பில் உள்ள 'இயந்திரா' என்பது விளி. இயந்திரத்தை 'இனிய' என்று அன்பாக அழைக்கும் நிலை ஒரு மனுஷிக்கு ஏன் வந்தது? இந்தக் கேள்விக்கு 2021 கடந்தும் வயதாகவில்லை.

இனிக் குறை. நிலா சிக்கலில் மாட்டும்போதெல்லாம் ஜீனோவே வழி கண்டுபிடித்துவிடுகிறது. வாரத் தொடருக்கு அது விறுவிறுப்பு; நிலாவின் வளர்ச்சிக்கு அது தடை. முதல் நூலின் தலைப்பில் ஜீனோவின் பெயரே கிடையாது. இரண்டாவதன் தலைப்பில் அதுதான் நாயகன். வாசகரின் செல்லப்பிள்ளை கதையையே எடுத்துக்கொண்டது என்பது என் மதிப்பீடு. ஜீனோவை எனக்கு எவ்வளவோ பிடித்தும் இதைச் சொல்கிறேன்.

1977இல் தொடங்கிய 'ஸ்டார் வார்ஸ்' ரசிகர்களையும் பாருங்க. புதுப் படம் வந்தால் அதிகம் சண்டை போடுபவர்கள் அவர்களே. பல தடவை பார்த்தவருக்குத்தானே எந்த இடம் சறுக்கியது என்று விரல் வைத்துக் காட்டத் தெரியும்!

ஆசிரியர்களே, "உனக்குப் பிடித்ததை ஒதுக்கிவிட்டு எழுது" என்று சொல்லாதீங்க. பிடித்த இடம் எது, ஏன் பிடித்தது, எங்கே ஏமாற்றம் என்று மூன்று கேள்விகள் கேளுங்க. முதல் கேள்விக்குச் சான்று கிடைக்கும், இரண்டாவதற்குக் காரணம், மூன்றாவதற்கு நடுநிலை. "இந்நாவல் மிகச் சிறப்பானது" என்று மட்டும் எழுதி நிறுத்தும் விடைத்தாளில் இந்த மூன்றுமே இல்லை. மாணவர்களே, அடுத்த கட்டுரையை இந்த மூன்றோடு எழுதிப் பாருங்கள்.