வளரும் வாளும் வளரா வாளும்

பலர் மேசையைச் சூழ்ந்தமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, வாய்மொழியாற் கதை புனைந்தாடும் ஆட்டங்களில் மந்திரப் பொருள்களுக்குரிய இடம் யாது என்பதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவ்வகை ஆட்டங்களுக்கு முன்னோடி, கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆகும். அதன் மரபில் மந்திர வாளின் ஆற்றல் எண்ணால் அளக்கப்படும். பகடையில் விழும் எண்ணோடு ஒன்று கூட்டித் தருவது ஒரு வாள்; இரண்டு கூட்டித் தருவது மற்றொன்று. வீரன் படிப்படியாக வளர்கின்றான்; வாளோ கிடைத்த நாளில் இருந்தவாறே இருக்கின்றது. ஆகவே, சிறந்த வாள் கைக்கு வந்த அன்றே பழைய வாள் விலைப்பொருளாகி விடுகின்றது. அது மாண்ட தோழன் விட்டுச்சென்ற வாளாயினும் முடிவு அதுவே. கதை நன்றி மறவாமையை வேண்டுகின்றது. கணக்கு அதனை மறக்கச் சொல்கின்றது.

இம்முரணைத் தீர்க்க எழுந்தனவே வளரும் பொருள்கள். பாசா நிறுவனம் 1993-இல் வெளியிட்ட 'எர்த்டான்' ஆட்டத்தில், வீரன் பழம்பொருளோடு தன்னை ஒரு மந்திர இழையாற் பிணைத்துக் கொள்கின்றான். இழை வலுப்பெறுந்தோறும் பொருளின் ஆற்றலும் மிகும். அதற்குப் புகழ்ப்புள்ளிகளைச் செலவிடுதல் மட்டும் போதாது. பொருளின் பெயர் யாது, அதனைச் செய்தார் யாவர் என்பன போன்ற செய்திகளை ஆராய்ந்து அறிதல் வேண்டும். சில படிகளில் அதன் வரலாற்றோடு இயைந்த செயலொன்றையும் செய்து முடித்தல் வேண்டும்.

2005-இல் வெளிவந்த 'வெப்பன்ஸ் ஆப் லெகசி' என்னும் நூலும் வரலாற்றறிவையும் சடங்கையும் வேண்டிற்று. ஆயின், வாளின் ஆற்றலுக்கு ஈடாக வீரனுடைய தாக்குந்திறன், உயிர்ப்புள்ளி முதலியவற்றைக் குறைத்தது. இழப்பின்றிப் பேறில்லை என்னும் கருத்து நன்றே. எனினும், இழப்பு எண்ணளவில் நின்றமையின், ஆடுவோன் அதனை ஈகமாகக் கொள்ளான், வரியாகவே கொள்வான்.

2020-இல் வெளிவந்த 'எக்ஸ்புளோரர்ஸ் கைடு டு வைல்ட்மவுண்ட்' துயில், விழிப்பு, உயர்வு என மூன்று நிலைகளைப் பொருளுக்கு வகுத்தது. வீரன் வாழ்வில் பெருந்திருப்பம் நேருங்கால் நிலை மாறும். இதில் உணர்ச்சிக்கு இடமுண்டு. ஆனால், பொருள் வீரனின் நிழலாகிவிடும் குறையும் உண்டு. அவன் பிறப்பதற்கு முன்னும் அது பலர் கையில் வாழ்ந்தது என்னும் உண்மை பின்தள்ளப்படுகின்றது.

இம்மூன்றனுள் 'எர்த்டான்' நெறியே சிறந்ததென யாம் கருதுகின்றோம். பொருளின் வரலாற்றைத் தேடுதல் ஆட்டத்தின் விரைவைத் தடுக்கும் என்பாரும் உளர். தேடல் கதைக்குப் புறம்பாயின் அக்கூற்றுப் பொருந்தும். இங்கோ தேடலே கதையாகின்றது. ஆற்றல் முன்னரே வாளினுள் உறைகின்றது. வளர்வது வீரனின் அறிவு. தான் அறிந்த வாளை, கூட்டெண் ஒன்று மிகுவது கருதி, ஒருவன் எளிதில் விற்கத் துணியான். கணக்கும் கதையும் ஒருவழிப்படும் இடம் இதுவே.