சூச்சூ டிவி: ஜெயித்தது காது, கண் அல்ல

மும்பை திலக் நகரில் தமிழ்க் குழந்தைக்குச் சோறு ஊட்டும் நேரத்தில் மொபைலில் ஓடுவது பல வீடுகளில் சென்னைச் சரக்குதான். சூச்சூ டிவி. பெயரில்தான் டிவி, 2013இல் பிறந்தது யூடியூபில். மகளின் செல்லப் பெயரைச் சூட்டி, நான்கு நண்பர்களோடு அதைத் தொடங்கியவர் வினோத் சந்தர். ‘மனிதன்’, ‘சங்கர் குரு’ படங்களுக்கு இசையமைத்த சந்திரபோஸின் மகன்.

இந்த உறவை வெறும் தகவலாகக் கடந்துவிட முடியாது. 1989இல் ஏவி.எம்.மின் ‘ராஜா சின்ன ரோஜா’வில் ரஜினியும் குழந்தைகளும் கார்ட்டூன் விலங்குகளோடு ஆடினார்களே, அந்தப் படத்துக்கு இசை சந்திரபோஸ்தான். கார்ட்டூனுக்குப் பாட்டுப் போடும் வேலை அந்த வீட்டுக்குள் அப்போதே வந்துவிட்டது.

மகனின் ஆட்டத்தைப் பிரித்துப் பார்ப்போம். படம் சுமார் ரகம்: உருண்டைத் தலை, பெரிய கண், பளிச்சென்ற புல்வெளி. இதைவிட அழகாக வரைகிறவர்கள் நிறையப் பேர். ரன் வருவது இசையில். நீண்ட முன்னிசை கிடையாது. தாளம் உடனே பிடித்துக்கொள்ளும். மூன்று வயதுக் குரலுக்கு எட்டாத ஸ்வரம் அபூர்வம். கவனம் சிதறுமுன் பல்லவி திரும்பிவிடும். சினிமாப் பாட்டுக்காரர்கள் காலங்காலமாகச் செய்த வேலைதான் இது. ஜாக்கும் ஜில்லும் விழுந்ததோடு முடியும் பழைய ரைமில், அவர்களை மறுபடி மலையேற வைத்ததும் சூச்சூதான். இடைவேளைக்குப் பிறகு எழுந்து நிற்காத ஹீரோவைக் கோடம்பாக்கம் அனுமதிக்குமா என்ன!

கார்ட்டூனை இசையால் தூக்கி நிறுத்தியவர் வினோத் மட்டும் அல்ல. பாடகர் ஹாரி நில்சனும் 1971இல் தானே கதையும் பாட்டும் எழுதி ‘தி பாயிண்ட்’ என்ற கார்ட்டூன் படத்தை அமெரிக்க டிவிக்குத் தந்தார். அழகான படைப்பு, ஆனால் அது ஒரே மேட்ச். வினோத் பத்தாண்டுக்கு மேலாக, சீசன் தவறாமல் களத்தில் நிற்கிறார்.

பலவீனம் இரண்டு. ஒன்று, வேகம். காட்சி மாறும் அவசரத்தில் குழந்தை பார்க்கிறதே தவிர, கூடப் பாட இடம் கிடைப்பதில்லை. ஒன்றரை வயதுக்குள் வீடியோ காலைத் தவிர வேறு திரை வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்வதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று எங்களூர்க் கவலை. இங்கே பிள்ளைகளுக்குப் பில்டிங்குக்குக் கீழே மராத்தி, ஸ்கூல் வேனில் இந்தி, வகுப்பில் இங்கிலீஷ். தமிழ் பாட்டியோடு மட்டும். எழுத்து தெரியாத அந்தப் பிள்ளைக்குத் தமிழ் ஏறுவதற்குப் பாட்டைவிட நல்ல வழி இல்லை. சூச்சூவுக்குத் தமிழ்ச் சேனல் உண்டு. ஆனால் சில பாடல்களில் மெட்டு இங்கிலீஷ் ரைமுடையது, சொல் மட்டும் தமிழ். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் சந்தத்தை அப்படியே எடுத்து, தவிலும் நாயனமும் வைத்து, வேகத்தைப் பாதியாக்கி ஒரு தொடர் செய்யட்டும். அந்தச் சந்தத்துக்குக் கடன் வாங்கிய மெட்டு தேவைப்படாது. சந்திரபோஸின் மகனுக்கு இது கடினமான பந்தும் அல்ல.