காரணம் தருக: நெருக்கடிகாலப் பிரதிகள் மீதான ஒரு வாசிப்பு

1

ஜனாஸா எரிப்புக் குறித்து நமது சூழலில் எழுதப்பட்ட கவிதைகளை யாராவது தொகுக்க முன்வந்தால் அது கனத்த தொகுதியாகவே அமையும். 2020 ஏப்ரல் தொடக்கம் 2021 பெப்ரவரி இறுதி வரை நமது கவிஞர்கள் ஓயாது எழுதினார்கள். அவற்றுட் பெரும்பாலானவை ஒப்பாரியாகவும் சாபமாகவும் துஆவாகவும் இருந்தன. பிறந்து இருபதே நாளான ஒரு சிசு பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்ட, பொரளை கனத்தை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணியைக் கட்டிய அந்த 2020 டிசம்பரில் வேறெப்படியும் எழுதியிருக்க முடியாதுதான். ஆனால் நான் வாசித்தவரையில் அக்கவிதைகள் நெருப்பைப் பற்றியே பேசின. அந்த நெருப்பை மூட்டிய தாளைப் பற்றிப் பேசியவை மிகக் குறைவு.

ஓர் உடல் எரிக்கப்படுவதற்கு முன்னர் ஒரு வாக்கியம் எழுதப்பட வேண்டியிருக்கிறது. அந்த வாக்கியத்தையும், அதை ஒத்த நெருக்கடிகளில் வேறு தேசங்களில் எழுதப்பட்ட வாக்கியங்களையும் பக்கத்தில் வைத்து வாசிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் சட்டம் படித்தவனல்லன். ஆசிரியர் கலாசாலையில் பயிற்றப்பட்டுப் பிள்ளைகளுக்கு மொழி படிப்பிக்கின்ற கிராமத்து வாத்தியார். ஒரு வாக்கியத்தில் எழுவாய் எங்கே, பயனிலை எங்கே, காரணம் எங்கே என்று தேடுவதே என் தொழில். அந்தக் கருவியை மட்டும் வைத்துக்கொண்டுதான் இப்பிரதிகளை அணுகுகிறேன்.

2

முதலாவது பிரதி 2020 ஏப்ரல் 11 ஆம் திகதிய வர்த்தமானி. கொவிட் தொற்றினால் இறந்தவரின், அல்லது அவ்வாறு இறந்ததாகச் சந்தேகிக்கப்படுபவரின் பிரேதம் 800 முதல் 1200 பாகை செல்சியஸ் வெப்பத்தில், ஆகக்குறைந்தது 45 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம் வரை எரிக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம்.

இப்பிரதியின் துல்லியத்தைக் கவனியுங்கள். வெப்பநிலை இருக்கிறது, நேரம் இருக்கிறது, உடலோடு சேர்த்து எரிக்க வேண்டிய உடுப்புகளும் சொல்லப்பட்டிருக்கின்றன. ஏன் எரிக்க வேண்டும் என்பது மட்டும் இல்லை. 'எரிக்கப்பட வேண்டும்' என்ற செயப்பாட்டு வினைக்குப் பின்னால் எரிப்பவனும் மறைந்துகொள்கிறான். இறந்தவரின் உறவினர் இப்பிரதிக்குள் நுழைவது கடைசியில்தான். அதுவும் விரும்பிக் கேட்டால் சாம்பலைப் பெறுகின்ற ஒருவராக.

இது எந்தச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்டது என்பதும் முக்கியமானது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னர் பிரகடனமான அவசரகால நிலை 2019 ஆகஸ்டில் முடிந்துவிட்டது. 2020 இல் கொவிட்டுக்காக அவசரகாலம் பிரகடனப்படுத்தப்படவில்லை. வெள்ளைக்காரன் காலத்து 1897 ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழான ஓர் ஒழுங்குவிதியே இது. அவசரகாலம் என்றால் மாதந்தோறும் பாராளுமன்றத்துக்கு வந்து மீண்டும் அனுமதி பெற வேண்டும். இதற்கு அந்தச் சிரமமும் இருக்கவில்லை. நெருக்கடி பெயரிடப்படாமலேயே ஆட்சி செய்தது.

நிலத்தடி நீர் மாசுபடும் என்ற காரணம் பின்னர் வாய்வழியாகவும் ஊடகவழியாகவும் சொல்லப்பட்டது. மணற்பாங்கான எங்கள் கரையோரத்தில் கிணறு வெட்டுகிற எவருக்கும் தண்ணீர் எத்தனை கிட்டத்தில் இருக்கிறதென்று தெரியும். ஆகவே அக்காரணம் எடுத்த எடுப்பிலேயே பரிகசிக்கத்தக்கதென்று நான் சொல்லமாட்டேன். அது பரிசோதிக்கத்தக்கது. ஆனால் பரிசோதிப்பதற்கு அது தாளில் இருந்திருக்க வேண்டும். அடக்கம், தகனம் இரண்டும் செய்யலாம் என உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டியிருந்தது. தண்ணீர்தான் பிரச்சினை என்றால் தண்ணீர் ஆழத்திலிருக்கும் ஒரு மேட்டுநிலம் போதுமே என்று அப்போதே கேட்கப்பட்டது. 2021 பெப்ரவரி 25 ஆம் திகதிய வர்த்தமானிக்குப் பின்னர், மார்ச் 5 தொடக்கம் ஓட்டமாவடி மஜ்மா நகரில் நடந்தது வேறென்ன? அதே வைரஸ், அதே அரசு. அங்கே மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர், பிற மதத்தவர் சிலரும் உட்பட, அடக்கப்பட்டார்கள்.

3

இரண்டாவது பிரதி, எழுதப்படாத பிரதி. எரிப்புக்கு எதிராக முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் தாக்கல்செய்த பதினொரு அடிப்படை உரிமை மனுக்களை உயர் நீதிமன்றம் 2020 டிசம்பர் 1 ஆம் திகதி, மூவரில் இருவர் என்ற பெரும்பான்மையால், விசாரணைக்கு எடுக்காமலேயே தள்ளுபடி செய்தது. காரணம் வழங்கப்படவில்லை.

நமது யாப்பின் 10 ஆம் உறுப்புரை, ஒரு மதத்தைக் கொண்டிருக்கும் சுதந்திரத்தை எந்த நிபந்தனையுமின்றித் தருகிறது. 14 ஆம் உறுப்புரை அம்மதத்தை வழிபாட்டிலும் அனுட்டானத்திலும் வெளிப்படுத்தும் சுதந்திரத்தைத் தருகிறது. இந்த இரண்டாவதைப் பொதுச் சுகாதாரத்துக்காகச் சட்டத்தினால் மட்டுப்படுத்தலாம் என்று 15(7) சொல்கிறது. அப்படியானால் கேள்விகள் எழுகின்றன. ஜனாஸாவை அடக்குவது நம்பிக்கையா, வெளிப்பாடா? ஓர் அமைச்சர் ஆக்கிய தனிமைப்படுத்தல் ஒழுங்குவிதி 15(7) குறிப்பிடும் 'சட்டம்' என்ற சொல்லுக்குள் அடங்குமா? அடங்கினாலும், எரிப்பதைவிடக் குறைந்த வேறு வழி இருக்கவில்லையா? இவற்றுக்கு எமக்குப் பாதகமான விடைகள் கிடைத்திருந்தாலும் அவை விடைகளாயிருந்திருக்கும். அவற்றோடு வாதிட்டிருக்கலாம், வருங்காலத்தில் ஒரு மாணவன் அவற்றைத் திருத்தியிருக்கலாம். எங்களது வினாத்தாள்களில் ஒவ்வொரு வினாவின் கீழும் 'காரணம் தருக' என்றொரு வரி இருக்கும். எட்டாம் தரத்துப் பிள்ளையிடம் நாம் எதிர்பார்க்கும் அந்த ஒரு வரி, ஒரு சமூகத்தின் மரணங்கள் மீது எழுதப்படவில்லை.

அக்கரைப்பற்றுச் சந்தைக் கொத்தணி என்ற பெயரில் எங்கள் ஊர் 2020 நவம்பர் இறுதியில் செய்திகளில் அடிபட்டு, தெருக்கள் மூடப்பட்டிருந்த நாட்களில்தான் இத்தீர்ப்பு வந்தது. நோயைக் காட்டிலும், மௌத்தானால் என்ன நடக்கும் என்ற பயமே வீடுகளுக்குள் பெரிதாக இருந்தது.

அவ்வேளையில் பிறந்த ஒரு சொற்றொடரும் விமர்சகர்களின் கவனத்துக்குரியது: 'உரிமை கோரப்படாத உடல்கள்'. எரிப்பதற்குக் கொடுக்கமாட்டோம் என்று கையொப்பமிட மறுத்த குடும்பங்களின் ஜனாஸாக்கள் அரசாங்க மொழியில் இவ்வாறு மாறின. அத்தகைய உடல்களை எரிக்கலாம் எனச் சட்டமா அதிபர் 2020 டிசம்பரில் ஆலோசனை வழங்கினார். உண்மையில் அந்த உடல்களைப் போல உரிமை கோரப்பட்ட உடல்கள் அக்காலத்தில் இருந்திருக்க முடியாது. மறுப்பைக் கைவிடலாக மாற்றி வாசிக்கும் இந்த மொழிபெயர்ப்பை நமது கவிதைகளுள் எத்தனை கண்டுகொண்டன?

4

இனி ஐரோப்பாவின் பிரதிகளுக்கு வருவோம். இங்கு நான் பேசுவது ஐரோப்பிய ஒன்றியத்தையல்ல. 1950 இல் ரோம் நகரில் கைச்சாத்தான மனித உரிமைகள் மீதான ஐரோப்பிய சமவாயத்தையும், அதைக் காக்கும் ஸ்ட்ராஸ்பேர்க் நீதிமன்றத்தையுமே பேசுகிறேன். அச்சமவாயத்தின் 15 ஆம் உறுப்புரை நெருக்கடியை மறுக்கவில்லை. தேசத்தின் உயிரையே அச்சுறுத்தும் அவசரநிலை வந்தால் அரசு சில கடப்பாடுகளிலிருந்து விலகலாம். ஆனால் நிலைமை கண்டிப்பாக வேண்டிநிற்கும் அளவுக்கு மட்டுமே விலகலாம். சித்திரவதைத் தடை போன்ற சிலவற்றிலிருந்து ஒருபோதும் விலக முடியாது. இன்னொன்று, எடுத்த நடவடிக்கைகளையும் அவற்றுக்கான காரணங்களையும் ஐரோப்பியப் பேரவையின் செயலாளர் நாயகத்துக்கு எழுதி அறிவிக்க வேண்டும். 2020 இல் லத்வியா, ருமேனியா, ஜோர்ஜியா உட்படப் பத்து நாடுகள் கொவிட்டைக் காட்டி அவ்வாறு எழுதின.

பிரித்தானியா அப்படி எழுதவில்லை. ஆனால் அங்கு நடந்தது நமது கதைக்கு மிகக் கிட்டியது. 2020 மார்ச்சில் கொண்டுவரப்பட்ட கொரோனா வைரஸ் சட்டமூலம், இறந்தவரின் விருப்பத்தை மீறியும் தகனம் செய்ய இடமளிக்கும் என்ற அச்சம் முஸ்லிம்களிடமும் யூதர்களிடமும் எழுந்தது. பிராட்போர்ட் மேற்கு உறுப்பினர் நாஸ் ஷா திருத்தம் கோரினார். அரசாங்கம் இணங்கியது. இறந்தவரின் விருப்பத்தையும் மதத்தையும் கவனத்திற்கொள்ள வேண்டும் என்ற வாசகம் சட்டத்துக்குள் வந்தது. எல்லாம் சில நாட்களுக்குள். தொற்று அங்கு குறைவாக இருந்ததனால் அல்ல, சட்டம் பேசப்பட்டு எழுதப்பட்டதனாலேயே இது சாத்தியமாயிற்று.

மற்றையது சபஞ்சியேவா எதிர் ரஷ்யா வழக்கு. 2005 ஒக்டோபர் 13 இல் வட கொக்கேசியாவின் நல்ச்சிக் நகரில் ஆயுததாரிகள் பொலிஸ் நிலையங்களைத் தாக்கினர். அப்பகுதி முஸ்லிம்கள் செறிந்து வாழும் பகுதி. கொல்லப்பட்ட தாக்குதலாளிகளின் உடல்களைக் குடும்பங்களுக்குக் கொடுக்க ரஷ்யச் சட்டம் தடைவிதித்தது. 2006 ஜூனில் 95 உடல்கள் எரிக்கப்பட்டன. குடும்பங்கள் ஸ்ட்ராஸ்பேர்க் சென்றன. 2013 ஜூன் 6 இல் தீர்ப்பு வந்தது. பயங்கரவாதத்தைத் தடுக்கும் நோக்கத்தை நீதிமன்றம் மறுக்கவில்லை. இறுதிக்கிரியைக்குச் சில கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்றுகூட ஒப்புக்கொண்டது. பாகுபாடு காட்டப்பட்டது என்ற முறைப்பாட்டை அது ஏற்கவில்லை. ஆனால் ஒவ்வொரு உடலையும், ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனியே நோக்காமல் எல்லோருக்கும் இயந்திரம்போல ஒரே மறுப்பைக் கொடுத்தது தனிப்பட்ட, குடும்ப வாழ்வுக்கான உரிமையை மீறியது எனத் தீர்த்தது.

ஆயுதம் ஏந்தித் தாக்கியவனின் உடலுக்கே இக்கேள்வி கேட்கப்பட்டது. நோயில் இறந்த நமது பெரியவர்களுக்கும் ஒரு சிசுவுக்கும் அது கேட்கப்படவில்லை.

5

'ஐரோப்பாவிடமா நாம் நீதி கற்பது?' என்று நண்பர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2015 நவம்பர் பாரிஸ் தாக்குதலின் பின்னர் பிரான்ஸ் 15 ஆம் உறுப்புரையின் கீழ் விலகி, 2017 நவம்பர் வரை அவசரகாலத்தை நீட்டியது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் இடங்களும் நீதிமன்ற உத்தரவின்றிச் சோதனையிடப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை முஸ்லிம்களுடையவை. முடிவில் அந்த அதிகாரங்கள் பல சாதாரண சட்டத்துக்குள் குடியேறின. நல்ச்சிக் தீர்ப்பும் சாம்பலுக்கு ஏழு வருடங்கள் பிந்தியே வந்தது. ரஷ்யாவோ 2022 இல் அப்பேரவையை விட்டே வெளியேற்றப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் நம்மிடம் மனித உரிமை பேசுவதும் ஜீ.எஸ்.பி. பிளஸ் என்ற வரிச்சலுகையோடு சேர்த்துத்தான். 2010 இல் பறித்து 2017 இல் திருப்பித் தந்த அச்சலுகையின் நிறுவையில் நமது உரிமை தைத்த ஆடைகளோடு ஒரே தட்டில் வைக்கப்படுகிறது.

ஆகவே ஐரோப்பாவை வணங்கும்படி நான் சொல்லவில்லை. அதன் பிரதிகளில் ஒரு பழக்கம் இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். உரிமையைப் பறிக்கின்றவன் காரணத்தை எழுத வேண்டும், எழுதிய காரணத்தை இன்னொருவர் அளக்க வேண்டும். இது நமக்கு அந்நியமானதுமல்ல. நிர்ப்பந்தம் தடுக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்ற ஃபிக்ஹு விதியை ஓதிய எவரும், நிர்ப்பந்தம் அதன் அளவோடு நின்றுகொள்ளும் என்ற அடுத்த விதியையும் ஓதியிருப்பார். அன்று பொறுமையை உபதேசித்தவர்களிற் பலர் முதலாவதைச் சொன்னார்கள். இரண்டாவது பெரிதாகக் கேட்கவில்லை.

6

இந்தப் பழக்கம் உடல்களுக்கு மட்டுமன்றிப் புத்தகங்களுக்கும் தேவை. 2017 இல் வெளிவந்த 'நவரசம்' கவிதைத் தொகுதியைத் தீவிரவாதப் பிரதியென வாசித்தே கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே 16 இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். வன்முறையை மறுக்கும் கவிதைகள் அதிலிருந்தும் அந்த வாசிப்பு மாறவில்லை. 2021 டிசம்பரில் பிணை கிடைக்கும்வரை 19 மாதங்கள். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அக்ஸோய் எதிர் துருக்கி வழக்கில், போர் நடந்துகொண்டிருந்த பிரதேசத்தில்கூட ஒருவரை நீதிபதி முன் கொண்டுவராமல் 14 நாட்கள் வைத்திருந்தது மிகை என 1996 இல் ஸ்ட்ராஸ்பேர்க் கூறியது. நமது சட்டத்திலோ தடுப்புக் கட்டளையின் உச்சம் 18 மாதங்கள். 2022 திருத்தம் அதை 12 ஆகக் குறைத்தது. அஹ்னாபின் பெயர் 2021 ஜூன் 10 இல் ஐரோப்பியப் பாராளுமன்றத் தீர்மானமொன்றில் இடம்பெற்றது. ஒரு தமிழ்க் கவிதைத் தொகுதி எதைச் சொல்கிறது என்பதை வாசித்து எழுத்தில் வைக்கும் வேலை நமது விமர்சகர்களுடையது. அது உரிய காலத்தில் போதிய அளவு நடக்கவில்லை என்பதே எனது அபிப்பிராயம்.

கட்டாய எரிப்புக்காக அமைச்சரவை 2024 ஜூலையில் மன்னிப்புக் கோரியது. எரிக்கப்பட்ட முஸ்லிம்களின் தொகை 276 எனக் கூறப்பட்டது. மன்னிப்பை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் யார், எந்தக் காரணத்தை, எந்த ஆதாரத்தின்மேல் முடிவுசெய்தார் என்பது அந்த மன்னிப்புக்குப் பிறகும் எழுதப்படாமலேயே கிடக்கிறது. அதை அரசு எழுதாவிட்டால் எழுத்தாளர்கள்தான் எழுத வேண்டியிருக்கிறது. கவிதை தன் பங்கைச் செய்துவிட்டது. இனி வேண்டியது உரைநடை. வைத்தியசாலை கொடுத்த துண்டு, கையொப்பமிட மறுத்த படிவம், நள்ளிரவில் வந்த தொலைபேசியில் சொல்லப்பட்ட சொற்கள், சாம்பலை வாங்கியவர்களின் சாட்சியம், வாங்க மறுத்தவர்களின் சாட்சியம் ஆகியவை குடும்பங்களின் சம்மதத்தோடு, அலங்காரமின்றித் தொகுக்கப்பட வேண்டும். இன்னும் பத்து வருடங்களில் அவற்றைச் சொல்லக்கூடிய உம்மாமாரும் வாப்பாமாரும் இருக்கமாட்டார்கள். இவ்விதழ் அதற்கென ஒரு சிறப்புப் பகுதியை ஒதுக்குமானால், சம்மாந்துறை முதல் பொத்துவில் வரையான எங்கள் பக்கத்தில் அவற்றைத் திரட்டும் வேலைக்கு நான் ஆயத்தமாக இருக்கிறேன்.